லயத்துக்கும் இல்லத்துக்கும் நடுவே: கஹவத்தைத் தோட்டப் பிள்ளைகளும் வதிவிடப் பராமரிப்பும்

"இந்தப் புள்ளைய எங்கயாவது ஒரு எடத்துல சேத்து விடுங்க ஐயா." தோட்டப்புறம் சார்ந்த பிரதேச செயலகங்களில், சமூக சேவைப் பிரிவில் வேலை செய்கிறவர்களுக்குப் பழகிப்போன வேண்டுகோள் இது. கேட்பவர் பெரும்பாலும் தாய். சில வேளை அம்மாயி. இரத்தினபுரி மாவட்டத்துக் கஹவத்தையைச் சுற்றியுள்ள தேயிலை, றப்பர் தோட்டங்களிலும் அறிவு வளர்ச்சிக் குறைபாட்டோடு பிறந்த பிள்ளை எட்டு, ஒன்பது வயதைத் தாண்டும்போது வீட்டார் வந்து நிற்கும் இடம் இதுதான். அதிகாரியிடம் இருப்பவை இரண்டே பதில்கள். எங்காவது ஒரு இல்லத்தில் இடம் இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது ஒன்று. இல்லையென்றால், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவைப்பது மற்றது.

இந்த இரண்டு பதில்களுமே கேள்வியைச் சரியாகக் காதில் வாங்காத பதில்கள் என்பது என் கருத்து. அந்தத் தாய் தன் பிள்ளைக்கு வேறு ஒரு வீட்டைக் கேட்கிறாள் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். அவளுடைய நாளை மணிக்கணக்காகப் பிரித்துப் பார்த்தால் அவள் கேட்பது என்ன என்பது தெரியும்.

காலையில் பெரட்டுக்களத்தில் நிற்க வேண்டும். கொழுந்து மலைக்குப் போனால் மாலைக் கொழுந்து நிறுத்து முடியும்வரை திரும்ப முடியாது. குறித்த கிலோ சேராவிட்டால் அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழும். றப்பர் பால் வெட்டுகிறவள் என்றால் இன்னும் முன்னேரமே எழும்பிப் போக வேண்டும். கைக்குழந்தையிலிருந்து ஐந்து வயதுவரை பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பிள்ளை மடுவம் இருக்கிறது. மலையகத் தோட்ட அமைப்பில் பெண்களின் உழைப்பை நம்பி உருவான ஏற்பாடு அது; இன்று பயிற்சி பெற்ற சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் அங்கே இருக்கிறார்கள். நடக்காத, பேசாத பிள்ளையையும் நல்ல ஆயம்மா ஒருத்தி சில வருடங்கள் சேர்த்துக்கொள்வாள். ஐந்து வயது முடிந்ததும் அந்தக் கதவு மூடுகிறது. பாடசாலைக் கதவோ திறப்பதில்லை. 5 முதல் 14 வயதுவரை கல்வி கட்டாயம் என்று 1997 இல் விதிக்கப்பட்டு, 2016 இல் அது 16 வயதுவரை நீட்டப்பட்டது. விசேட கல்வி அலகுகள் சாதாரணப் பாடசாலைகளிலேயே இருக்க வேண்டும் என்பது அதற்கும் முந்திய, 1960களின் இறுதியிலேயே தொடங்கிய கொள்கை. ஆனால் தோட்டத்துத் தமிழ்ப் பாடசாலையில், தமிழில் விசேட கல்விப் பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவர் இருப்பது அபூர்வம். "கழிவறைக்குத் தானாகப் போகத் தெரிந்த பிறகு கூட்டி வாங்க" என்ற ஒரு வாக்கியத்தோடு பல பிள்ளைகளின் பாடசாலை வாழ்க்கை தொடங்காமலே முடிகிறது.

ஆக, ஐந்து வயதுக்குப் பிறகு, காலை ஏழு மணியிலிருந்து பின்னேரம் ஐந்து மணிவரை அந்தப் பிள்ளைக்கு யாருமில்லை. பாட்டி உயிரோடிருந்தால் பாட்டி. இல்லையென்றால் பத்து, பன்னிரண்டு வயது அக்கா பாடசாலையை விடுகிறாள். ஒரு பிள்ளையின் குறைபாடு இரண்டு பிள்ளைகளின் படிப்பைத் தின்கிறது. அதுவும் இல்லாத வீட்டில் லயக் காம்பராவின் கதவு வெளியே பூட்டப்படும். கட்டில் காலோடு பழைய சேலைத் துண்டால் பிள்ளையின் இடுப்பைக் கட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. வெளியாருக்கு அது கொடுமையாகத் தெரியும். அடுப்பு, கிணறு, பீலிக்கரை, றோட்டில் ஓடும் லொறி என்று ஒவ்வொன்றையும் நினைத்து நினைத்து, இதுதான் குறைந்த ஆபத்து என்று ஒரு தாய் எடுத்த முடிவு அது என்பதை அந்தக் காம்பராவுக்குள் நின்று பார்த்தால்தான் விளங்கும்.

கஹவத்தைக்கு இன்னொரு பயமும் சேர்ந்தது. 2008 தொடங்கிச் சில ஆண்டுகள், கஹவத்தைக்குப் பக்கத்திலுள்ள கொட்டகெத்தன பகுதியில், வீட்டில் தனித்திருந்த பெண்கள் அடுத்தடுத்துக் கொல்லப்பட்டார்கள். நாடே அதிர்ந்த தொடர் கொலைகள் அவை. அந்த ஆண்டுகளைக் கண்ட ஊரில், வாய் பேசாத பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளையைப் பூட்டிய கதவுக்குள் விட்டுவிட்டு மலைக்கு ஏறும் தாயின் மனம் எந்த நிலையில் இருக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. இல்லத்தில் சேர்த்துவிடச் சொல்லிக் கேட்பதில் வறுமை எவ்வளவு உண்டோ அவ்வளவு அச்சமும் உண்டு.

உறவினர் எங்கே என்று கேட்கலாம். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2007 இல் ஒப்பமிட்டு 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிசெய்தது. அதன் 23 ஆம் உறுப்புரை சொல்லும் வரிசை தெளிவானது: பெற்றோரால் முடியாவிட்டால் விரிந்த குடும்பம், அதுவும் முடியாவிட்டால் சமூகத்துக்குள்ளேயே குடும்பம் போன்ற ஒரு சூழல். குறைபாட்டைக் காரணம் காட்டிப் பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கவே கூடாது என்பதும் அதே உறுப்புரையில் உண்டு. நல்ல வரிசைதான். ஆனால் சப்ரகமுவத் தோட்டக் குடும்பங்களின் விரிந்த குடும்பம் இப்போது எங்கே இருக்கிறது? 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. சித்தப்பா கூடலூரிலோ கோத்தகிரியிலோ தேயிலை பறிக்கப் போனார். 1977, 1981, 1983 வன்முறைகளில் அடிபட்டுக் கிளம்பியவர்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறினார்கள். மிஞ்சியிருப்பவர்களின் இளைய தலைமுறை கொழும்புக் கடைகளிலும் வளைகுடா நாட்டு வீடுகளிலும் வேலை செய்கிறது. நுவரெலியா மாவட்டத்தைப் போல மலை மலையாகத் தமிழர் சேர்ந்து வாழும் இடமல்ல கஹவத்தை. ஓபாத்த, ரில்ஹேன, எந்தான, வெள்ளந்துர என்று தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கும் மாணிக்கக்கல் குழிகளுக்கும் இடையில் சிதறிக் கிடக்கின்றன. ஒரு தோட்டத்தில் நடப்பது அடுத்த தோட்டத்துக்குத் தெரிவதில்லை. ஒரு பிள்ளையைச் சுமக்கக்கூடிய உறவு வலையை மூன்று தலைமுறை அரசியல் அறுத்துவிட்டது. அதற்குப் பிறகு சட்டம் வந்து, உறவினரைத் தேடு என்கிறது.

குறைபாடு எங்கிருந்து வருகிறது என்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். டவுன் சின்ட்ரோம் போன்றவை எந்த வீட்டிலும் பிறக்கும். பணக்காரர், ஏழை என்று பார்ப்பதில்லை. ஆனால் பிரசவத்தில் மூச்சுத் திணறல், குறைமாதப் பிறப்பு, கவனிக்கப்படாத மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல் ஆகியவை தூரத்தோடும் வறுமையோடும் சேர்ந்து நடப்பவை. இரத்தினபுரி இலங்கையின் தென்மேற்கு ஈரவலயக் கழலை நோய்ப் பட்டையில் கிடக்கும் மாவட்டம். கர்ப்பிணியின் உடம்பில் அயடீன் கடுமையாகக் குறைந்தால் பிள்ளையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். 1995 இல் உப்புக்கு அயடீன் கட்டாயமாக்கப்பட்டது அமைதியாக நடந்த பெரிய காரியம். எத்தனை பிள்ளைகளை அது காப்பாற்றியது என்பதை யாரும் ஊர்வலம் வைத்துக் கொண்டாடவில்லை. ஊட்டக் கதை அவ்வளவு நல்லதல்ல. 2016 குடிசன சுகாதார அளவீட்டில், ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் சுமார் 17 சதவீதம். தோட்டத்துறையில் மட்டும் ஏறக்குறைய 32 சதவீதம். உயரக் குறைவு என்பது அறிவுக் குறைபாடு அல்ல. ஆனால் வாழ்வின் முதல் ஆயிரம் நாட்கள் எந்த அளவுக்குக் கவனிக்கப்படுகின்றன என்பதற்கு இதைவிட நேரான அளவுகோல் இல்லை.

இனி, இல்லங்களுக்கு வருவோம்.

இலங்கையில் பிள்ளை ஒன்று வதிவிடப் பராமரிப்புக்குப் போகும் பாதை பிரித்தானியர் காலத்துச் சட்டங்களின் மேல் போடப்பட்டது. 1939 ஆம் ஆண்டின் சிறுவர் மற்றும் இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் நீதிமன்றத்துக்குப் பிள்ளையைப் பாதுகாப்பில் ஒப்படைக்கும் அதிகாரத்தைத் தருகிறது. 1941 ஆம் ஆண்டின் அநாதை இல்லங்கள் கட்டளைச் சட்டம் இல்லங்களைப் பதிவு செய்யச் சொல்கிறது. 13 ஆவது திருத்தத்துக்குப் பிறகு நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்புச் சேவைகள் மாகாணத்தின் கையில் இருக்கின்றன. இந்த இல்லங்களில் பெரும்பாலானவை அரசு நடத்துபவை அல்ல. கோயில், விகாரை, தேவாலயம், தனியார் அறக்கட்டளை என்று தன்னார்வத்தில் நடப்பவை. அவற்றில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பான்மையோருக்குத் தாயோ தகப்பனோ, இருவருமோ உயிரோடு இருக்கிறார்கள் என்பதையும், சேர்க்கப்பட்டதற்கு முக்கிய காரணம் வறுமை என்பதையும் இலங்கையில் சேவ் த சில்ட்ரன் 2005 இல் வெளியிட்ட ஆய்வு எடுத்துக் காட்டியது. அதன் பிறகு 2019 இல் மாற்றுப் பராமரிப்புக்கான தேசியக் கொள்கை ஒன்றும் வந்தது. இல்லம் கடைசி வழியாக மட்டுமே இருக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைக்கு இந்தப் பாதையில் ஒரு விசித்திரம் நேர்கிறது. சாதாரண இல்லங்கள் அவனை எடுப்பதில்லை. பராமரிக்க ஆள் இல்லை என்பார்கள், அது உண்மையும்கூட. எடுக்கக்கூடிய விசேட இல்லங்களில் அதிகமானவை கொழும்பையும் அதன் சுற்றுப்புறத்தையும் சார்ந்தவை. கஹவத்தையிலிருந்து பெல்மதுளைக்குப் போய், இரத்தினபுரி பஸ் பிடித்து, அங்கிருந்து கொழும்பு, அங்கிருந்து இன்னொரு பஸ். ஒருமுறை பார்த்து வர இரண்டு நாள் பேர் போகும். முதல் வருடம் மாதாமாதம் போவார்கள். பிறகு தீபாவளிக்கும் பொங்கலுக்கும். பிறகு இல்லத்திலிருந்து கடிதம் வந்தால் மட்டும். கடிதம் சிங்களத்தில் இருந்தால் அதை வாசித்துச் சொல்ல ஆள் தேட வேண்டும். பிள்ளையைக் கைவிட்ட பெற்றோர் என்று பதிவேட்டில் எழுதப்படுகிறவர்களில் எத்தனை பேர் பஸ் காசால் பிரிந்தவர்கள் என்று ஒரு கணக்கு எடுத்தால் நல்லது.

மொழி இதைவிடவும் பெரிய விஷயம். பேச்சு வராத பிள்ளைக்கு எந்த மொழியாக இருந்தால் என்ன என்று படித்தவர்களே நினைக்கிறார்கள். பேச்சு வராத பிள்ளைக்குக் கேட்டுப் புரிகிற மொழி உண்டு. 'வா', 'சோறு', 'தண்ணி', 'அம்மா வந்துட்டா' ஆகிய பத்து இருபது சொற்களை அவன் ஐந்து ஆறு வருடம் தினந்தோறும் கேட்டுக் கேட்டுத்தான் சேர்த்திருப்பான். சாதாரணப் பிள்ளை புதிய மொழியைச் சில காலத்தில் பிடித்துக்கொள்ளும். இவனுக்கு அந்த இருபது சொற்கள்தான் உலகத்தோடு உள்ள மொத்த உறவு. யாரும் தமிழ் பேசாத இல்லத்தில் விட்ட அன்றைக்கே அது போய்விடுகிறது. பிறகு அவன் கத்துவான், தலையைச் சுவரில் மோதுவான். 'முரட்டுப் பிள்ளை' என்று மருந்து கூடும். குடும்பச் சூழலை இழந்த பிள்ளைக்கு மாற்று ஏற்பாடு செய்யும்போது அதன் இனம், மதம், பண்பாடு, மொழி ஆகியவற்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும் என்கிறது சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 20 ஆம் உறுப்புரை. இலங்கை அதை 1991 இலேயே ஏற்றுக்கொண்டது. மொழி விஷயத்தில் இந்த உறுப்புரை யாரைவிடவும் இப்படிப்பட்ட பிள்ளைக்குத்தான் அதிகம் தேவை. நடைமுறையில் அவனுக்குத்தான் அது கிடைப்பதே இல்லை.

பெரிய விடுதிகள் என்ன செய்யும் என்பதற்கு உலகத்தில் சாட்சிக்குப் பஞ்சமில்லை. நியூயோர்க்கின் ஸ்டேட்டன் தீவில் வில்லோபுறூக் என்ற அரச நிறுவனம் அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ள 4,000 பேருக்காகக் கட்டப்பட்டது; 1960களில் அங்கே 6,000 பேருக்கு மேல் அடைக்கப்பட்டிருந்தார்கள். 1972 இல் தொலைக்காட்சிக் கமரா உள்ளே போனபோது, ஆடையில்லாமல் தரையில் கிடந்த பிள்ளைகளை அமெரிக்கா பார்த்தது. அது முற்றாக மூடப்பட 1987 வரை ஆனது. ருமேனியாவின் புக்கரெஸ்டில் 2000 ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய ஆய்வு இன்னும் ஆழமானது. நிறுவனங்களில் இருந்த 136 சிறு குழந்தைகளில் ஒரு பாதியினரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்து, மறுபாதியினர் வழக்கமான பராமரிப்பில் தொடர, பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். குடும்பத்துக்குப் போனவர்களின் அறிவுத் திறனும் பிணைப்பும் முன்னேறின. இரண்டு வயதுக்கு முன் போனவர்களிடம் முன்னேற்றம் இன்னும் தெளிவாக இருந்தது. நன்றாகப் பிறந்த பிள்ளையையே நிறுவனம் பின்னுக்கு இழுக்கும் என்றால், ஏற்கனவே பின்தங்கிய பிள்ளையை அது என்ன செய்யும்?

காரணம் எப்போதும் கொடூர மனமல்ல. பெரும்பாலும் அது கூட்டல் கழித்தல் கணக்கு. பெருமூளை வாதமுள்ள பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதைப் பாருங்கள். மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து, தலை பின்னால் சாயாமல் ஒரு கையால் தாங்கி, மசித்த சோற்றைக் கரண்டியில் கால்வாசி எடுத்து, கீழுதட்டில் வைத்து, அவன் வாயை மூடி விழுங்கும்வரை காத்திருந்து, பிறகுதான் அடுத்த கரண்டி. ஒரு வேளைக்கு அரை மணித்தியாலம் என்றால் அது விரைவு. ஒரு பராமரிப்பாளரிடம் இப்படிப்பட்ட எட்டுப் பிள்ளைகளைக் கொடுங்கள். மூன்று வேளைக்கு 12 மணித்தியாலம் சோறு ஊட்டுவதிலேயே போய்விடும். குளிப்பாட்ட, துணி மாற்ற, வலிப்பு மருந்து கொடுக்க, படுக்கையில் புரட்டிப் போட நேரமில்லை. அதனால் என்ன நடக்கும்? பிள்ளையைப் படுக்க வைத்தபடியே வேகமாக ஊட்டுவார்கள். உணவு மூச்சுக் குழாய்க்குள் போகும். நெஞ்சில் சளி கட்டும், காய்ச்சல் வரும். மரணச் சான்றிதழில் நிமோனியா என்று எழுதுவார்கள். யாரும் அடிக்கவில்லை, யாரும் பட்டினி போடவில்லை. ஆள் எண்ணிக்கைதான் அந்தப் பிள்ளையைக் கொன்றது. ஒரு இல்லத்தைப் பார்வையிடப் போகிறவர் சுவரின் வர்ணத்தையும் தட்டில் உள்ள இறைச்சித் துண்டையும் பார்க்கத் தேவையில்லை. மதியச் சோற்று நேரத்தில் போய், ஒரு பிள்ளைக்கு எத்தனை நிமிடம் என்று மணிக்கூட்டைப் பார்த்தால் போதும்.

அப்படியானால் இல்லமே வேண்டாமா? அப்படிச் சொல்லத் துணிய மாட்டேன். வீட்டிலேயே வைத்திருங்கள் என்று மேடையிலிருந்து சொல்வது எளிது. தாய் இறந்துவிட்ட, தகப்பன் குடியில் கிடக்கிற, பாட்டிக்குக் கண் தெரியாத வீடுகள் இருக்கின்றன. வீட்டுக்குள்ளேயே துன்புறுத்தப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு நாளில் பலமுறை வலிப்பு வந்து, இரவு முழுக்க ஒருவர் விழித்திருக்க வேண்டிய பிள்ளைகளும் உண்டு. இவர்களுக்கு வீட்டுக்கு வெளியே நல்ல இடம் வேண்டும். நீண்ட காலத்துக்கும் வேண்டும். இந்தச் சிலருக்கான இடத்தை, பகல் நேரத்துணை கிடைக்காததால் மட்டும் அனுப்பப்படுகிற பலர் நிரப்பிவிடுகிறார்கள் என்பதுதான் இன்றைய குழப்பம். பலருக்கு வேண்டிய சேவை ஊரில் இருந்தால், சிலருக்கான இல்லம் சிறியதாகவும் நல்லதாகவும் இருக்க முடியும்.

அந்தப் பலருக்கு என்ன வேண்டும் என்பதற்கு முன்மாதிரி தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. நுவரெலியாவில் மென்கஃபெப் என்ற அமைப்பு 1980களின் பிற்பகுதியிலிருந்து தோட்டக் குடும்பங்களோடு வேலை செய்கிறது. பிள்ளைகளோடு குடும்பங்களையும் தன் பெயரிலேயே வைத்திருக்கும் அமைப்பு அது. நிலையத்துக்குப் பிள்ளையை வரவழைப்பதும், வீட்டுக்கே போய்த் தாய்க்குக் கற்றுக்கொடுப்பதும் அங்கே சேர்ந்தே நடக்கின்றன. யாழ்ப்பாணத்தில் கோண்டாவில் சிவபூமி மனவிருத்திப் பாடசாலை, இத்தகைய பிள்ளைகளுக்குத் தமிழிலேயே கற்பிக்க முடியும், அதற்கான ஆசிரியர்களை உருவாக்க முடியும் என்பதற்குச் சாட்சி. கடலுக்கு அப்பால், தென்காசிக்கு அருகில் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் 1981 இல் பிறந்தது. கடற்படைத் தேர்வில் ஏற்பட்ட விபத்தால் கழுத்துக்குக் கீழ் இயக்கம் இழந்த எஸ். இராமகிருஷ்ணன் அதைத் தொடங்கினார். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான இல்லமாகவும் பள்ளியாகவும் வளர்ந்த அந்த அமைப்பு, பிறகு சுற்றியுள்ள கிராமங்களுக்குப் பணியாளர்களை அனுப்பி, குறைபாடுள்ள சிறு குழந்தைகளுக்கு வீட்டிலேயே பயிற்சி கொடுப்பதைப் பெரிய பணியாக எடுத்துக்கொண்டது. இல்லம் நடத்தத் தெரிந்தவர்களே வீட்டுக்குப் போகத் தொடங்கினார்கள் என்பதை நம் மாகாண அதிகாரிகள் கவனிக்க வேண்டும்.

குறுகிய காலப் பராமரிப்பு என்ற ஒன்றும் உண்டு. இலங்கைத் தோட்டப்புறத்தில் அது கிட்டத்தட்ட இல்லவே இல்லை. தாய்க்குப் பிரசவம், சத்திரசிகிச்சை, வீட்டில் ஒரு மரணம், அல்லது வெறும் அசதி. அப்போது இரண்டு நாளோ இரண்டு வாரமோ பிள்ளையைத் தெரிந்த இடத்தில் விட்டுப் பின் கூட்டிப்போகிற ஏற்பாடு. இந்தியாவில் 1999 ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஓட்டிசம், பெருமூளை வாதம், அறிவு வளர்ச்சிக் குறைபாடு, பல்குறைபாடு ஆகியவற்றுக்கென்றே வந்தது. அதன் கீழ் வந்த திட்டங்களில் இத்தகைய குறுகிய காலத் தங்கலும், பெற்றோருக்குப் பின்னான நீண்ட காலக் குழு வீடும் தனித்தனியாகப் பிரித்து வைக்கப்பட்டுள்ளன. நடைமுறையில் அங்கே ஆயிரம் குறை இருக்கும். ஆனாலும் இரண்டும் வேறு வேறு தேவைகள் என்பதைச் சட்டம் கண்டுகொண்டது. குறுகிய காலத் தங்கல் உள்ள இடத்தில் நிரந்தரமாக ஒப்படைப்பது குறையும். ஓய்வெடுத்த தாய் மறுபடி பிள்ளையைத் தூக்கிக்கொள்வாள்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இது முடியாது. குறைந்த வருமானக் குடும்பத்து மாற்றுத்திறனாளிக்கான மாதாந்தக் கொடுப்பனவு 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாகியது. நல்ல உயர்வு. 2024 இல் நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளம் 1,350 ரூபாவோடு வைத்துப் பார்த்தால், அது ஏழு, எட்டு நாள் பேருக்குச் சமமாக இருந்தது. மாதம் இருபது நாள் வேலைக்குப் போகிறவள் பிள்ளைக்காக வீட்டில் நின்றால் அந்தச் சம்பளத்தில் 27,000 ரூபா போனது. அதற்கு ஈடாக வந்தது 10,000. இதில் ஊழியர் சேமலாப நிதியும் போகும். வேலை செய்யாதவருக்குத் தோட்ட வீடு ஏன் என்ற கேள்வியும் எழும். வலிப்புக் கிளினிக்குக்கு இரத்தினபுரி போதனா வைத்தியசாலைக்கு ஒருமுறை போனாலே ஒரு பேரும் பஸ் காசும் போய்விடும். அதனால்தான் மருந்து முடிந்த பிறகும் அடுத்த சம்பளம்வரை காத்திருக்கிறார்கள். மருந்து திடீரென நின்றால் வலிப்பு முன்னையிலும் கடுமையாக வரும். 2022 நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது கொழும்பிலேயே தவித்தார்கள் என்றால், மலையின் கடைசி லயத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

நல்ல மனிதர் நடத்துகிறார், ஆகவே கண்காணிப்பு வேண்டியதில்லை என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. துறவியையோ அருட்சகோதரியையோ தர்மகர்த்தாவையோ கேள்வி கேட்பது பாவம் போலத் தோன்றுகிறது. 1964 இல் பிரான்ஸில் ஜீன் வனியே தொடங்கிய லார்ஷ் சமூகங்கள், அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ளவர்களும் மற்றவர்களும் ஒரே வீட்டில் சேர்ந்து வாழும் முறையை உலகுக்குக் காட்டின; இந்தியாவிலும் அவற்றின் வீடுகள் உண்டு. வனியேயைப் புனிதர் என்றே பலர் கருதினார்கள். அவர் இறந்தபின் 2020 இல், லார்ஷ் தானே நியமித்த விசாரணை, அவர் பல பெண்களைப் பாலியல் ரீதியாகச் சுரண்டியதை வெளிப்படுத்தியது. அந்தப் பெண்கள் குறைபாடுள்ளவர்கள் அல்லர், வாய் திறந்து சொல்லக்கூடியவர்கள். அப்படியிருந்தும் உண்மை வெளிவரப் பல பத்தாண்டுகள் ஆயின. சொல்ல வாயே இல்லாத பிள்ளைகள் இருக்கும் இடத்தில் கண்காணிப்பு எவ்வளவு கடுமையாக இருக்க வேண்டும்? முன்னறிவித்தலின்றி வரும் பார்வையாளர், பெண்பிள்ளைகளுக்குப் பெண் பராமரிப்பாளர், பெற்றோர் எந்த நேரமும் உள்ளே வரலாம் என்ற விதி, ஒவ்வொரு பிள்ளையின் இருப்பையும் குறித்த இடைவெளியில் மீளாய்வு செய்தல். கடைசியாகச் சொன்னது சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 25 ஆம் உறுப்புரையிலேயே இருக்கிறது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கம் ஒவ்வொரு லயத்திலும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் பேசாத பிள்ளை தொலைபேசி எடுக்காது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பதினெட்டு வயது என்ற கோடு இன்னொரு முட்டு. சட்டத்தின் கண்ணில் அன்றோடு பிள்ளைப்பருவம் முடிகிறது. சிறுவர் இல்லத்தின் பொறுப்பும் முடிகிறது. உடம்பு வளர்ந்த, மனம் நான்கு வயதில் நிற்கிற இளைஞனுக்கு எந்தக் கதவும் இல்லை. பெற்றோர் இருவரும் போன பிறகு இவன் கதி என்ன என்ற கேள்வியோடு தூங்காமல் கிடக்கும் தகப்பன்மார் தோட்டந்தோறும் உண்டு. இரவல் இரக்கத்தால் இதற்குப் பதில் கிடைக்காது. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்க மாற்றுத்திறனாளிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதிலாகச் சமவாயத்தோடு ஒத்த புதிய சட்டம் வேண்டும் என்று பல ஆண்டுகளாகக் கோரப்படுகிறது. அந்தச் சட்டம் வரும்போது வளர்ந்தவர்களுக்கான சிறு குழு வீடுகள் அதில் உரிமையாக எழுதப்பட வேண்டும்.

கஹவத்தைக்கு என்ன செய்யலாம் என்று கேட்டால், என் பதில் இதுதான். நூறு கட்டில் விடுதிக்கு அடிக்கல் நாட்ட யாராவது கொடையாளி வந்தால் அவரை வணங்கித் திருப்பி அனுப்ப வேண்டும். அந்தப் பணத்தில் முதலில் தோட்டங்களின் பிள்ளை மடுவங்களில் நான்கைந்தை, ஐந்து வயதுக்கு மேற்பட்ட விசேட தேவைப் பிள்ளைகளும் பகல் முழுக்க இருக்கும்படி மாற்றலாம். சரிவுப் பாதை, மலகூடம், நிமிர்ந்து உட்காரும் நாற்காலி, ஒவ்வொரு மடுவத்திலும் இரண்டு மேலதிக ஆள். அந்த ஆட்களைத் தோட்டத்திலிருந்தே எடுக்க வேண்டும். இத்தகைய பிள்ளையை வளர்த்த தாய்மாரைவிடப் பயிற்சி பெற்றவர் யார்? மாதம் ஒருமுறை இயன்மருத்துவரும் பேச்சு மொழிச் சிகிச்சையாளரும் இரத்தினபுரியிலிருந்து மடுவத்துக்கே வரட்டும். இரண்டாவதாக, கஹவத்தை டவுனில், ஆஸ்பத்திரிக்குக் கிட்ட, ஆறு பிள்ளைகளுக்கு மேல் தங்காத சாதாரண வீடு ஒன்று. தமிழும் சிங்களமும் பேசுகிற பராமரிப்பாளர்கள். கிராமத்துச் சிங்களத் தாய்க்கும் இதே கஷ்டம்தான், அவளுக்கும் அந்த வீடு வேண்டும். நான்கு இடம் குறுகிய காலத்துக்கு, இரண்டு இடம் போக்கிடமில்லாத பிள்ளைக்கு. இது பெரிய கனவே அல்ல. ஒரு மாகாண சபையும், 1992 தனியார்மயத்துக்குப் பிறகு இந்தத் தோட்டங்களை நடத்தும் கம்பனிகளும், பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியமும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் நடக்கக்கூடிய காரியம்.

தொழிற்சங்கங்களிடம் ஒரு வேண்டுகோள். சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் நாட்சம்பளத் தொகை ஒன்றைத்தான் மேசையில் வைக்கிறீர்கள். அடுத்த முறை இரண்டு வரி கூடுதலாக எழுதுங்கள்: விசேட தேவையுள்ள பிள்ளையைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகும் நாளுக்குத் தாய்க்கு முழுப் பேர் விழ வேண்டும், பிள்ளை மடுவத்தின் வயதெல்லை அந்தப் பிள்ளைகளுக்குப் பொருந்தக் கூடாது. இந்த இரண்டுக்கும் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. தோட்ட நிர்வாகத்தின் கையொப்பம் போதும்.